ஆடிய குமிழ்

குமிழ் கையோடு வந்துவிட்டது.

டாக்டர் மாப்பிள்ளை அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எதிரே மேசை மேல் இருந்த பெரிய மரப்பெட்டி ரேடியோ, முன்பல் விழுந்த கிழவரைப் போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் பல் டாக்டர். ஆடுகிற எதைக் கண்டாலும் ஒரு தடவை ஆட்டிப் பார்க்காவிட்டால் அவர் விரலுக்குத் தூக்கம் வராது. பையை வைக்க இடம் தேடி அந்த அறைக்குள் வந்தவர் கண்ணில், ரேடியோவின் குமிழ் லேசாகச் சாய்ந்திருந்தது பட்டது. தொட்டார். அவ்வளவுதான்.

ஹாலில் சொந்தக்காரர்களின் சிரிப்பும் பேச்சும். மனைவியின் பெரியம்மாவுக்குப் பிறந்தநாள். அத்தனை சத்தத்தையும் மீறிக்கொண்டு வந்தது பெரியப்பாவின் குரல். ஜெயிலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான். குரல் இன்னும் வேலையில்தான் இருந்தது.

வீடு முழுக்க அவர் சேர்த்த பழைய சாமான்கள். ஊதுகுழல் வைத்த இசைத்தட்டுப் பெட்டி, சுழற்றுகிற டெலிபோன்கள், தட்டச்சு இயந்திரங்கள், தகர பொம்மைகள், சுவரெல்லாம் கடிகாரங்கள். எல்லாவற்றையும் கைதிகளை நிறுத்துவதுபோல வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். வந்தவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிட்டார். “நல்லா பாருங்க. கை மட்டும் வைக்காதீங்க.” முன்னொரு தடவை ஒரு பொம்மையின் சாவியை முறித்த சகலை, அதற்கப்புறம் இந்தத் தெருப்பக்கமே வந்ததில்லை. வரச்சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

“இங்க தனியா என்ன பண்றீங்க?” மனைவி எட்டிப் பார்த்தாள்.

அவர் கையை விரித்துக் காட்டினார். மனைவி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“வீட்டுல இத்தனை சாமான் இருக்க, இதையா? இது பெரியம்மாவுக்கு அவங்க அப்பா குடுத்தது. தூசு தட்டக்கூடப் பெரியப்பா யாரையும் விடமாட்டாரு.”

“தானா வந்துடுச்சு.”

“உங்ககிட்ட வர்றவங்க பல்லெல்லாம் தானாதான் வருதா?” அவள் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “அந்தப் பசை இருக்குல்ல, பெரியம்மா பல்லுக்குன்னு எடுத்துட்டு வந்தீங்களே. அதைப் போட்டு ஒட்டுங்க. நான் வெளியில நிக்கறேன்.”

பசையைக் குழைத்தார். குமிழை அதன் இடத்தில் வைத்தார். “ஒண்ணுமில்ல, கொஞ்சம் அழுத்துற மாதிரி இருக்கும்,” என்று பழக்கதோஷத்தில் ரேடியோவிடம் சொல்லிவிட்டு அழுத்தினார்.

உள்ளே ஏதோ ‘ணங்’ என்று விழுந்தது.

குமிழ் மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் திருப்பினார், வரவில்லை. வலப்பக்கம் திருப்பினார், வரவில்லை. இனி இந்த ஜென்மத்தில் அது திரும்பாது. தொழில்காரராக ஒரு கணம் அவருக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த கணம், பாட்டுப் போட யாராவது இதைத் திருப்புவார்களே என்பது உறைத்தது.

விழுந்ததையாவது எடுத்து வைக்கலாம் என்று பின்பக்க அட்டையைக் கழற்றினார். அட்டை பாதியில் முறிந்தது. உள்ளே, பிறந்ததிலிருந்து டாக்டரையே பார்க்காத வாய் போல, தூசியும் துருவும். நடுவில் பல்பு மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய், ரேடியோவைப் பாடவைக்கிற வால்வு, சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. விரல் சும்மா இருக்குமா? நிமிர்த்தப் போனார். வேரோடு கையில் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த கடிகாரங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடிக்க ஆரம்பித்தன. ஒவ்வொரு அடிக்கும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடித்து ஓய்ந்ததும் வேறொரு சத்தம். செருப்புச் சத்தம். வெளியே மனைவி, தேவையே இல்லாமல் உரக்க, “என்ன பெரியப்பா, இந்தப் பக்கம்?” என்றாள்.

குழாயைப் பின்பாக்கெட்டில் செருகினார். முறிந்த அட்டையை ரேடியோவுக்குப் பின்னால் சாய்த்தார். கதவு திறந்தது.

பெரியப்பா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

“இங்க என்ன வேலை மாப்பிள்ளை?”

“பை வைக்க வந்தேன் மாமா.”

பெரியப்பா ரேடியோவைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். மறுபடி ரேடியோவைப் பார்த்தார். பெரியப்பாவின் நெற்றியில் வேர்வை பூத்தது. அடக்கிவைத்த கோபம் இப்படித்தான் வெளியே வரும் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

“தொட்டீங்களா?”

“இல்ல மாமா.”

“பின்பக்கம் பார்த்தீங்களா?”

“முன்பக்கமே சரியாப் பார்க்கல மாமா.”

“சரி. என் கண்ணு முன்னாடியே இருங்க. உக்காருங்க.”

“நிக்கறேனே. இடுப்புப் பிடிச்சிருக்கு.”

“உக்காந்தா சரியாயிடும்.” தோளில் கை விழுந்தது. எத்தனையோ முரடர்களை உட்காரவைத்த கை. டாக்டர் நாற்காலியில் போய் விழுந்தார். பின்பாக்கெட்டில் மொறுக் என்றது.

“என்ன சத்தம்?”

“இடுப்புதான் மாமா.”

சாப்பாட்டு மேசையில் பெரியப்பா அவரைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். டாக்டர் உடம்பின் பாரம் முழுவதையும் ஒரு பக்கத்தில் இறக்கி, மறுபக்கத்தை அந்தரத்தில் நிறுத்தியிருந்தார். கண்ணாடி குத்தவில்லை, ஆனால் குத்தப்போகிறது என்கிற நினைப்பே குத்தியது.

“ஏன் அண்ணா கோணலா உக்காந்திருக்கீங்க?” பரிமாறிக்கொண்டிருந்த பெரியப்பாவின் மருமகள் கேட்டாள். ஒரு கையில் கரண்டியும் மறு கையில் போனுமாக வளைய வந்துகொண்டிருந்தவள்.

“அவருக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு,” என்றார் பெரியப்பா. அவள் நகர்ந்ததும் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். “மாப்பிள்ளை, ஒரு வீட்டுக்கு வந்தா அங்க பார்த்ததை அங்கயே விட்டுட்டுப் போயிடணும். அதை அங்க இங்க சொல்லிட்டுத் திரியற ஆளை எனக்குப் பிடிக்காது.”

டாக்டர் எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். இவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் சபையில் வைத்துக் கேட்காமல் வைத்திருக்கிறார். அப்படியானால் பின்னால் தனியாக வேறு ஏதோ இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த மனைவி தண்ணீரை எடுக்கப்போய்க் குழம்புக் கிண்ணத்தை எடுத்து வாயில் வைத்தாள்.

சாப்பாடு முடிந்தது. எல்லாரும் எழுந்து கை கழுவிக் கிளம்பிவிட்டால் பிழைத்தோம் என்று டாக்டர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பெரியம்மா சொன்னாள்.

“எல்லாரும் வந்திருக்கீங்க. எங்கப்பா ரேடியோவைக் கொஞ்சம் போடுங்களேன்.”

பெரியப்பாவின் முகம் மாறியது. “இப்பவா? உண்ட களைப்புல இருக்காங்க எல்லாரும்.”

“வருஷத்துல ஒரு நாள் கேக்கறேன்.” பெரியம்மா மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பெரியப்பா உடனே எழுந்தார்.

கூட்டம் அறைக்குள் நகர்ந்தது. பெரியம்மாவை முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். டாக்டர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். இனி மறைக்க முடியாது. குமிழ் திரும்பாது. குழாய் பாக்கெட்டில் தூள். அட்டை இரண்டு துண்டு. பிடிபடுவதற்கு முன் தானே சொல்லிவிட்டால் தண்டனை குறையலாம்.

“மாமா,” என்றார். “ஒரு நிமிஷம். அந்த ரேடியோ...”

பெரியப்பா சடாரென்று திரும்பினார். “வாயை மூடுங்க மாப்பிள்ளை.”

வாழ்க்கையில் இத்தனை நாளும் அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்லியே சோறு தின்ற மனிதர், மூடிக்கொண்டார்.

பெரியப்பா ரேடியோவின் முன் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். குமிழைப் பிடித்தார். டாக்டர் கண்ணை மூடப் பார்த்தார், மூடவில்லை. பெரியப்பாவின் மணிக்கட்டு திரும்பியது. குமிழ் திரும்பவில்லை.

பாட்டு வந்தது.

பழைய பாட்டு. வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்து அறையை நிறைத்தன. ரேடியோவில் விளக்கு எரியவில்லை. டாக்டர் பின்பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடித் தூள் அங்கேயேதான் இருந்தது. அவர் உடம்பிலிருந்த மயிரெல்லாம் எழுந்து நின்றது. குடலை உருவிய பிறகும் பாடுகிறது. செத்துப்போன பெரியவர் மகளுக்காக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் குழாயைப் பிடுங்கியது யார் என்பதும் அவருக்குத் தெரியும்.

“எவ்வளவு தெளிவாக் கேக்குது பாருங்க,” பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்கப்பா பக்கத்துல இருக்கற மாதிரியே இருக்கு.”

அது போதும் டாக்டருக்கு. கால் மடங்கியது. சுவரில் சறுக்கிக்கொண்டே கீழே போனவரை ஒரு கை பிடித்து நிறுத்தியது. மருமகள். மறு கையில் இருந்த போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, அவர் காதோரம் குனிந்தாள்.

“அதை மாமா கீழ போட்டு உடைச்சு ரொம்ப நாளாச்சு அண்ணா, பாட்டை நான்தான் போன்ல போடறேன், மேசைக்கு அடியில ஸ்பீக்கர் இருக்கு, நீங்க பின்பக்கத்தைப் பார்த்துட்டு அத்தைகிட்ட சொல்லிடுவீங்களோன்னு மாமாவுக்குச் சோறே இறங்கல.”