மின்விசிறிக்குக் கீழே நாலு குவியல் பொரி

ஒரு விஷயம் நமக்குத் தெரியாது என்பது, அதை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தெரியவரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கட்டைப்பை நிறையப் பொரி தேவைப்பட்டது.

அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. ஓய்வுக்கு ஆறே மாதம் இருந்தது. அதன்பின் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பி.எட். முடித்துவிட்டு வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த நான் எப்படியாவது வேலைக்குப் போயாக வேண்டும். அந்த நேரம் பார்த்து அம்பத்தூரில் ஒரு பள்ளி, மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட அழைத்தது. ஏழாம் வகுப்பு ஆங்கிலம். பாடம், டிட்டர்மினர். அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று எது, எவ்வளவு, யாருடையது என்று சொல்லும் குட்டிச் சொற்கள். (வாட்ச்மேன் உத்தியோகம் மாதிரிதான்.)

எண்ணக்கூடியதற்கு ‘மெனி’, எண்ண முடியாததற்கு ‘மச்’. எண்ண முடியாததற்கு எதைக் காட்டுவது என்று யோசித்தேன். ஆயுத பூஜை முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லா அப்பாக்களும் தொழிற்சாலைப் பூஜையிலிருந்து பொரி கொண்டுவருவார்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு பாத்திரம் கொடுத்தால், வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று அவர்கள் வீட்டுப் பொரியை நிரப்பிக் கொடுப்பார்கள். தீபாவளி வரை பொரி குறையவே குறையாது. கேள்விக்கு விடை சமையலறையிலேயே இருந்தது.

ஆவடியிலேயே பிறந்து வளர்ந்த என் தம்பி வாசலில் மறித்தான்.

“இன்னாக்கா, இண்டர்வியூக்குப் பொரி எத்துகினு போற? சுண்டலும் கீது, அதையும் எத்துகினு போ!”

நான் கண்டுகொள்ளவில்லை. (மேதைகளை வீட்டில் மதிக்க மாட்டார்கள்.)

வகுப்பில் கரண்ட் இல்லை. மின்விசிறிச் சத்தமில்லாமல் பாடம் நடத்தலாம் என்று சந்தோஷப்பட்டேன். மேஜையில் செய்தித்தாளை விரித்து நாலு குவியல் போட்டேன். ‘எ லிட்டில்’, ‘சம்’, ‘மச்’, மீதி மலை மொத்தமும் ‘ஆல்’. கடைசி பெஞ்சில் வெள்ளைச் சட்டையும் எண்ணெய் மின்னும் தலையுமாகத் தாளாளர்.

“பொரியை எண்ண முடியாது. அதனால்தான் மச்” என்றேன்.

முதல் பெஞ்சில் ரெட்டைப் பின்னல் போட்ட சிறுமி கையைத் தூக்கினாள்.

“எண்ணலாமே மிஸ்?”

“முடியாதும்மா.”

“நீங்க எண்ணிப் பாத்தீங்களா மிஸ்?”

பார்க்கவில்லை. அந்த நொடியில் எனக்கே ஆசை வந்துவிட்டது. வேலை, தாளாளர் எல்லாம் மறந்துபோய், அவளை மேஜைக்குக் கூப்பிட்டுச் சின்னக் குவியலை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தேன். மொத்த வகுப்பும் கூடவே எண்ணியது. தாளாளரும் எழுந்து வந்து, மேஜைமேல் குனிந்து முணுமுணுவென்று எண்ணினார். வேலை கிடைத்துவிட்டது என்றே நம்பினேன்.

“நாப்பத்தொண்ணு... நாப்பத்திரெண்டு...”

கரண்ட் வந்தது.

மேஜைக்கு நேர் மேலே மின்விசிறி. ரெகுலேட்டர் ஐந்தில் இருந்தது. நாலு குவியலும் ஒரே நேரத்தில் கிளம்பின. பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு குதித்தார்கள். தாளாளரின் எண்ணெய்த் தலையில் பொரி அப்பிக்கொண்டது. அந்தச் சிறுமி மட்டும், “மிஸ், நாப்பத்திமூணு பறந்துபோச்சு மிஸ்!” என்று அழாத குறையாகக் கத்தினாள்.

“சொல்லி அனுப்புறோம்மா” என்றார் தாளாளர், புருவத்தைத் துடைத்தபடி. இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. ரயிலில் அண்ணனூர் வரை அழுதேன். எனக்குத் துணைக்கு வந்திருந்த என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, என் பின்னலிலிருந்து ஒவ்வொரு பொரியாக எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தார்.

நாலு மாதம் கழித்துப் பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. (மாதிரி வகுப்புக்குப் பென்சில்கள் கொண்டுபோனேன்.) அப்பா ஓய்வு பெறுவதற்குள் நெமிலிச்சேரியில் வாடகைக்கு வீடும் பார்த்துவிட்டோம்.

பிறகு என் கல்யாணம். தாலி கட்டியானதும் ஹோமத்தில் போட, மணப்பெண்ணின் கையில் உடன்பிறந்தவன் பொரி அள்ளித் தர வேண்டும். தம்பி இரண்டு கையிலும் பொரியோடு குனிந்தவன், சட்டென்று அண்ணாந்து பார்த்தான்.

“ஃபேனை ஆஃப் பண்ணுங்கப்பா! எங்கக்கா கையில பொரி கீது!”

எங்கள் பக்கத்துச் சொந்தங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒன்றும் புரியாமல் விழித்த மாப்பிள்ளைக்கு, ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க, முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்ததும், தாலி கட்டியபின் என்னிடம் முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டார்.

“மொத்தம் எத்தனைதான் இருந்துச்சு?”