புல்வெட்டும் வண்டியும் ஒரு ஹேர்பின்னும்

வாரத்தில் ஒரு மணி நேரம். எனக்கே எனக்கென்று. அதை எப்படியாவது அடைந்தே தீருவது என்று ஒரு சனிக்கிழமை சபதம் எடுத்தேன். மனைவியிடம் நேராகக் கேட்டிருக்கலாம்தான். அந்தத் துணிச்சல் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

நான் சும்மா உட்கார்ந்திருந்தால் என் மனைவிக்குப் பொறுக்காது. உடனே ஒரு வேலை முளைக்கும். நான் புல்வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மட்டும் கூப்பிட மாட்டாள். அந்தச் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. எஞ்சின் சத்தம் வருகிறதா, ஐயா உழைக்கிறார் என்று அர்த்தம்.

இதுதான் என் திட்டத்துக்கு அஸ்திவாரம். அரக்கப்பரக்கப் புல்லை வெட்டிவிட வேண்டியது. வண்டியைக் கொட்டகைக்குப் பின்னால் ஓடவிட்டு, உள்ளே போய் கேரம் ஆட வேண்டியது. ஜோடி, பக்கத்து வீட்டு லிஃப்ட் மெக்கானிக். மனுஷன் பலகைக்குப் பவுடர் போட்டுக் காத்திருந்தார்.

வண்டிதான் காலை வாரியது. நான் எழுந்ததும் எஞ்சின் நின்றது. உட்கார்ந்து கிளப்பினேன், ஓடியது. எழுந்தேன், மறுபடி நின்றது.

"பெட்ரோல் தீர்ந்துபோச்சோ?" என்றேன்.

"தீர்ந்திருந்தா நீங்க உட்கார்ந்தாலும் ஓடாதே சார்" என்று மெக்கானிக் குனிந்து பார்த்தார். "மூணு சுவிட்ச் இருக்கு. பிரேக்கை மிதிக்காம கிளம்பாது. பிளேடு லீவர் போட்டிருந்தாலும் கிளம்பாது. மூணாவது உங்க சீட்டுக்கு அடியில. ஆள் எழுந்தா எஞ்சினை நிறுத்திடும். கதவு சாத்தலைன்னா லிஃப்ட் நகராதுல்ல, அதே மாதிரி."

"அப்ப ரிப்பேர் இல்லையா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நாமதான் கெடுக்கணும்."

கெடுத்தோம். சீட்டைத் தூக்கி, சுவிட்சிலிருந்து பிளக்கைப் பிடுங்கினோம். குளியலறை அலமாரியில் மனைவியின் ஹேர்பின் ஒன்று கிடந்தது. அதை வளைத்து பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் சொருகினார். நான் எழுந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நான் பண்ணேன்னு மூச்சு விடாதீங்க சார். என் வேலை போயிடும்" என்றார்.

அன்றைக்கு என் ஆள்காட்டி விரலுக்கு என்ன யோகமோ, ரெட்டும் விழுந்தது, ஃபாலோவும் விழுந்தது. சாயங்காலம் மனைவி டீ கொடுத்தாள். "ரொம்ப நேரம் கஷ்டப்பட்டீங்க போல" என்றாள். ஆமாம் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை புல் ஈரமாக இருந்தது. பாதி வெட்டும்போதே வெளியே தள்ளுகிற வாயில் புல் அடைத்துக்கொண்டது. கொட்டகை ஜன்னலில் மெக்கானிக் ஸ்ட்ரைக்கரைக் காட்டிக் கூப்பிடுகிறார். அவசரத்தில் குதித்து இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, அடைப்புக்குள் கையை விட்டேன்.

விரலில் கத்தி தட்டுப்பட்டது. அப்போதுதான் உறைத்தது, எஞ்சின் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் பிளேடு லீவர் போட்டது போட்டபடி இருக்கிறது. ஹேர்பின் புண்ணியத்தில் அந்தக் கத்தி சுற்றிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். என் கை இந்நேரம் புல்லோடு புல்லாகப் போயிருக்க வேண்டும். நான் வேலை பார்ப்பது காப்பீட்டு ஆபீஸில். இந்த மாதிரி இழப்பீட்டு மனுக்களைப் படித்துவிட்டு, இப்படியும் ஒரு முட்டாளா என்று சிரிப்பவன் நான்.

சீட்டைத் தூக்கினேன். பிளக் சுவிட்சில் சமர்த்தாக மாட்டியிருந்தது. ஹேர்பின்னைக் காணோம்.

"என்னங்க, நின்னுபோச்சா?"

மனைவி வந்து நின்றாள். வளைந்த ஹேர்பின் அவள் கொண்டையில் இருந்தது.

"இதை எங்க எடுத்தே?"

"நீங்க வெச்ச இடத்துலதான். போன வாரமே எடுத்துட்டேன். சத்தம் நகரவே இல்லையே, ஒரே இடத்துல அப்படி என்ன புல்லுன்னு வந்து பார்த்தேன். ரெண்டு பேரும் காயையே முறைச்சுட்டு இருந்தீங்க. அன்னைக்கு ராத்திரியே வண்டியோட வந்த புஸ்தகத்தைப் பார்த்து மாட்டிட்டேன்."

"அப்பவே திட்டியிருக்கலாமே?"

"திட்டினா வேற பின் தேடுவீங்க."

என் கண் கலங்கிவிட்டது. மறைக்க முடியவில்லை, மறைக்கவும் தோன்றவில்லை. "இந்தக் கை இன்னைக்கு உன்னாலதான் இருக்கு" என்றேன். "ரொம்ப நன்றிம்மா." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் நன்றி சொன்னதே இல்லை. அவள் என் விரல்களில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"ஒரு மணி நேரம் வேணும்னு வாயைத் திறந்து கேட்டா குடுக்க மாட்டேனா?"

"குடுப்பியா?"

"தாராளமா எடுத்துக்கோங்க. வண்டியையும் இனிமே நானே ஓட்டறேன். புல்லு வெட்டி முடிக்கிற வரைக்கும் ஜன்னலை மட்டும் துடைச்சுக் குடுங்க. நான் இறங்கினதும் நீங்க கேரம் ஆடப் போகலாம்."

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும்? மறுவாரம் பத்து விரலாலும் ஜன்னல் துடைத்தேன். மனசு நிறைந்திருந்தது. வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. முன்பக்கம் முடித்தேன், பக்கவாட்டு ஜன்னல்களை முடித்தேன், மாடிக்கும் போனேன். மெக்கானிக் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எஞ்சின் நின்றபாடில்லை.

மாடியின் கடைசி ஜன்னலைத் துடைத்ததும் தோட்டம் பளிச்சென்று தெரிந்தது. புல் வெட்டப்படாமல் அப்படியே நின்றது. மரத்தடி நிழலில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி சீட்டில் சாய்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி ஓடினேன். "என்ன பண்றே நீ?" என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

"எழுந்தாத்தானேங்க நிக்கும்?"