இரட்டை டர்போ வாங்கிய மான்

ஒரு காட்டில், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வந்து சேர்ந்த ஆண்டில், செவந்திலிங்கம் என்ற புள்ளிமான் தன் கொம்புகளை விற்றுக் கார் வாங்கினான். மாசானம் என்ற புலி அவனுடைய அண்ணன்மார் இருவரையும் தின்று முடித்திருந்தது. அடுத்தது யார் என்பதில் காட்டில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வண்டியை விற்ற நரி விவரமாகச் சொன்னது. "ஒத்தை டர்போ வண்டி மிதிச்சதும் கொஞ்சம் யோசிக்கும். அப்புறம்தான் பாயும்."

"புலி யோசிக்காதே."

"அதுக்குத்தான் இதுல ரெட்டை டர்போ. இன்ஜின் விடுற புகையே ரெண்டையும் சுத்தும். சின்னது உடனே கிளப்பும், பெருசு பிடிச்சுத் தள்ளும். நீங்க திரும்பிப் பார்க்கிறப்ப புலி புள்ளியாத் தெரியும்."

ஆனால் பதிவு எண் இல்லாத வண்டியைச் சோதனைச்சாவடி யானை விடாது. செவந்திலிங்கம் அலுவலகத்துக்குப் போனான். காட்டின் எல்லா உரிமத்துக்கும் இருந்தது ஒரே கவுன்ட்டர். உள்ளே தேவாங்கு.

"படிவத்துல டர்போவுக்கு ஒரு கட்டம்தான் இருக்கு" என்றது தேவாங்கு. "ஒண்ணைக் கழட்டிட்டு வாங்க."

"கழட்டினா யோசிக்கும் சார்."

"ஏன், நாங்க யோசிக்கலையா?" மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதாகவும், அதுவரை வரிசையிலேயே நிற்கும்படியும் சொன்னது.

நின்றான். பின்கழுத்தில் சூடாக மூச்சுப் பட்டது. திரும்பினால் மாசானம். செவந்திலிங்கத்தின் நான்கு கால்களும் நான்கு திசையில் ஓடப் பார்த்தன.

"நகராத தம்பி, இடம் போயிரும்" என்றது மாசானம் சலிப்பாக. "வேட்டை உரிமத்துல என்னைப் 'புளி'ன்னு அடிச்சிட்டாங்க. திருத்தித் தர்ற வரைக்கும் உன்னைத் தொட்டா ஆள்மாறாட்டக் கேஸ். ரசத்துல வேணும்னா இறங்கலாம்."

"எப்பண்ணே திருத்துவாங்க?"

"உனக்கு அடுத்தது நான்தான்."

மூன்று மாதம் நின்றார்கள். மாசானம் டீ குடிக்கப் போனால் செவந்திலிங்கம் இடம் பார்த்துக்கொண்டான். அவனுக்குப் புதுக் கொம்பு முளைத்தது. மாசானத்துக்கு விலா எலும்பு தெரிந்தது.

ஒரு திங்கட்கிழமை தேவாங்கு முகம் மலர்ந்து கூப்பிட்டது. "உத்தரவு வந்திருச்சு. ரெண்டு டர்போ செல்லும். கையெழுத்துப் போட்டா எண் உங்க கையில. அடுத்து புலி சாரும் கிளம்பலாம்."

செவந்திலிங்கம் பேனாவை எடுத்தான். பின்னால் மாசானம் நாக்கால் உதட்டைத் தடவிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பேனாவைக் கீழே வைத்தான்.

"மன்னிக்கணும் சார். மூணாவதா ஒரு டர்போவும் இருக்கு."

தேவாங்கின் கண்கள் இன்னும் பெரிதாயின. ஃபைலை மூடிக் கட்டி, மேலே அனுப்பும் அடுக்கில் வைத்தது.

"என்ன தம்பி ஆச்சு?" என்றது மாசானம்.

"கட்டம் பத்தலைண்ணே" என்றான் செவந்திலிங்கம். "உங்களுக்கு டீ சொல்லட்டுமா?"

நீதி: துரத்துகிறவனிடமிருந்து தப்ப வேகம் போதாது. வரிசையில் அவனுக்கு முன்னால் நின்று, படிவத்தைத் தப்பாக நிரப்ப வேண்டும்.