மாமனாரின் பெட்டியும் என் மின் உற்பத்தியும்

சாவு வீட்டில் மாப்பிள்ளைக்கு வேலை கிடையாது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள், பங்காளிகள் மூங்கில் வெட்டப் போவார்கள், ஊர்க்காரர்கள் பந்தல் போடுவார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, கையில் டீயைக் கொடுத்து, அப்படியே விட்டுவிடுவார்கள். இது எவ்வளவு ஆபத்தான வழக்கம் என்பது என் மாமனார் இறந்த அன்றுதான் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது. துக்க வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் படித்த மனிதனைப் போல ஒரு நாசகார சக்தி வேறில்லை.

மாமனாரின் தோட்டம் எடப்பாடிக்குப் பக்கத்தில். கத்திரி வெயில் காலத்தில், ஒரு விடியற்காலையில், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். (உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். தொந்தரவெல்லாம் நாங்கள் கொடுத்ததுதான்.) அவருடைய சின்ன மகள் கவிதா மஸ்கட்டில் இருந்தாள். செய்தி கேட்டதும் போனில் அழுதபடி ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் பொழுது சாயறதுக்குள்ள வந்தர்றனுங்கம்மா. எடுக்கறது நாளைக்கு வெச்சுக்கங்க. ஒரு ராத்திரி அப்பா பக்கத்துல உக்கோந்துக்கறேன்."

அதற்கென்ன, எடப்பாடியிலிருந்து குளிர்பெட்டி வந்தது. மாமனாரை அதில் வைத்தோம். கண்ணாடிக்குள் அவர், பண்டிகைச் சந்தைக்குப் புறப்படத் தயாரானவரைப் போல நெற்றி நிறையத் திருநீறோடு படுத்திருந்தார். பதினொரு மணி வாக்கில் சூறைக்காற்று ஒன்று கிளம்பிப் புழுதியை வாரி அடித்துவிட்டுப் போனது. எங்கோ கம்பம் சாய்ந்ததாம். கரண்டு போய்விட்டது. பெட்டியின் முனகல் நின்றது. அந்த நிசப்தத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பெட்டியைப் பார்த்தோம்.

பக்கத்துத் தோட்டத்துக் கோழிப்பண்ணைக்காரர் முன்னால் வந்தார். நல்ல மனிதர். "நம்ம பண்ணை ஜெனரேட்டரக் கழட்டி டிராக்டர்ல கொண்டாந்தர்றேனுங்க. சாயங்காலம் வரைக்கும் வெச்சுக்கங்க" என்றார்.

"உங்க கோழிக்கு ஃபேன்?" என்று கேட்டான் என் மைத்துனன் செந்தில்.

"அது கெடக்குதுங்க. கொஞ்சம் சாவும். அண்ணன் மொகத்தப் பாக்க புள்ள வருதில்லீங்க?"

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"கோழிகள் எதற்குச் சாக வேண்டும்? கிணற்று மேட்டில் பழைய மோட்டார் இருக்கிறதல்லவா? மோட்டாருக்குக் கரண்டு கொடுத்தால் சுற்றும். அதையே நாம் சுற்றினால் கரண்டு கொடுக்கும்."

நான் படித்தது தமிழ் இலக்கியம். மோட்டாரைப் பற்றி அறிந்தது ஒரு பத்திரிகைக் கட்டுரையில். ஆனால் கட்டுரை சொன்னது உண்மை. மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே இயந்திரத்தின் இரண்டு முகங்கள்தாம். மின்சார ரயில் பிரேக் போடும்போது அதன் மோட்டாரே மின்சாரம் தயாரிக்கிறது. பேட்டரி ஸ்கூட்டர் இறக்கத்தில் இறங்கும்போதும் அதுவே நடக்கிறது. இவ்வளவையும் நான் பிணத்தருகே நின்று விளக்கினேன். எதிரே இருந்தவர்கள், மாமனாரைத் தவிர, மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

காரணம் வேறொன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பேச்சை மறுத்துப் பேச மாட்டார்கள். மழை கீழிருந்து மேலே பெய்கிறது என்று மாப்பிள்ளை சொன்னால், "அப்படியுங்களா?" என்று கேட்டுவிட்டு மேலே பார்ப்பார்கள். சின்ன மாமனார் மட்டும், அதாவது இறந்தவரின் தம்பி, லேசாகத் தொண்டையைச் செருமினார்.

"ஆவுங்களா மாப்பள?"

"ஆகும் மாமா."

"அப்பச் செரி. டேய் செந்திலு, மாப்பள சொல்றாரில்ல, போய் மோட்டாரக் கழட்டு." பிறகு பண்ணைக்காரரைப் பார்த்து, "நீங்க போய்க் கோழியப் பாருங்க" என்றார். அவர் நன்றியோடு என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பழைய மோட்டாரைக் கொண்டுவந்து, தோட்டத்தில் கிடந்த பழைய டீசல் என்ஜினோடு பெல்ட் போட்டு மாட்டினோம். என் மனைவி பந்தல் காலைப் பிடித்தபடி, "ஏனுங்க, நிசமாலுமே தெரியுமா?" என்று காதோடு கேட்டாள். "கட்டுரையில் படம் போட்டிருந்தது" என்றேன். அவள் பெட்டிக்கருகே போய் மறுபடி அழ ஆரம்பித்தாள். அப்பாவுக்காகத்தான் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

என்ஜின் கிளம்பியது. அந்தச் சத்தத்தில் பறை கேட்கவில்லை. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். மோட்டார் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கரண்டுதான் வரவில்லை. சோதனைக்காக நான் கட்டித் தொங்கவிட்டிருந்த குண்டு பல்பு கறுத்த முகத்தோடு ஆடியது.

அப்புறம்தான் கட்டுரையின் மீதி நினைவுக்கு வந்தது. இந்த வகை மோட்டாருக்குள் காந்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. முன்பு ஓடிய காலத்தின் காந்தம் இரும்பில் கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும். அதைத் தூண்டி வளர்க்க, மின்சாரத்தைத் தேக்கித் தரும் கண்டன்சரும் வேண்டும். கண்டன்சருக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? கரண்டு அரைகுறையாக வரும் நாளில் மோட்டாரை ஓட்ட ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு கண்டன்சர் பெட்டி வைத்திருப்பார்கள். அதை மாட்டினோம். காந்தத்துக்கு டிராக்டர் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுத்தேன்.

பல்பு எரிந்தது!

கூட்டத்தில் கைதட்டல். ஆமாம், சாவு வீட்டில் கைதட்டினார்கள். ஒரு கிழவர், "மாப்பளைன்னா இப்படியல்ல இருக்கோணும்" என்றார். பல்பு இன்னும் பிரகாசமாக எரிந்தது. மேலும் பிரகாசமானது. பிறகு வெள்ளை வெளேரென்று ஆகி வெடித்தது.

"நல்ல கரண்டுங்க" என்றார் சின்ன மாமனார்.

என்ஜின் வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு பல்பைப் போட்டு, அது ஒழுங்காக எரிந்ததும் பெட்டியின் ஒயரை மாட்டினேன். பெட்டி உறுமியது. உடனே பல்பு மங்கி அணைந்தது. பெட்டி இழுத்த இழுப்பை என் மோட்டாரால் தாங்க முடியவில்லை. பொறுமையுள்ள மனிதன் அங்கே ஒயரைப் பிடுங்கியிருப்பான்.

"செந்திலு, வேகத்தைக் கூட்டு! இன்னும் கூட்டு!" என்று கத்திக்கொண்டே பேட்டரியை மறுபடி தொட்டேன்.

அவன் கூட்டினான். மாப்பிள்ளை பேச்சாயிற்றே. பல்பு ஒரு கணம் சூரியனைப் போல எரிந்து சிதறியது. பெட்டிக்கு அடியிலிருந்து சடசடவென்று ஒரு சத்தம், அப்புறம் கரும்புகை. மாமனாரைச் சுற்றி, கண்ணாடிக்கு வெளியே, புகை மெல்ல மேலே எழுந்தது.

மாமனாரின் தங்கை மாரில் அடித்துக்கொண்டு அலறினார். "என்ற அண்ணன் ஆயுசுக்கும் ஒரு பீடி குடிச்சதில்லையே! இப்பிடிப் பொகைய உடறாங்களே சாமி!"

நான் ஒயரைப் பிடுங்கினேன். செந்தில் என்ஜினை நிறுத்தினான். அந்த அமைதியில் எல்லோரும் இருமினார்கள். என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சின்ன மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆவும்னு தானுங்க நெனச்சோம்" என்றார்.

அரை மணி நேரம் கூட ஆகவில்லை, கரண்டு வந்தது. மின்வாரியத்துக்காரர்கள் கம்பத்தை நிமிர்த்திவிட்டார்கள். வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது, டிவி தானாகப் பேச ஆரம்பித்தது, பக்கத்துத் தோட்டத்தில் கோழிகளுக்கு ஃபேன் சுற்றியது. பெட்டி மட்டும் ஓடவில்லை. எடப்பாடியிலும் சங்ககிரியிலும் கேட்டோம். அந்த வெயிலில் எல்லாப் பெட்டிகளும் வேறு வேறு வீடுகளில் இருந்தன.

செந்தில் வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டூர் போனான். அங்கே மீன் பிடிப்பவர்களுக்கு ஐஸ் கிடைக்கும். மீன் வைக்கும் தட்டுகளிலேயே ஐஸைக் கொண்டுவந்தான். வாழ்நாள் முழுக்க முட்டையைக் கூடத் தொடாத என் மாமனாரைச் சுற்றி அதை அடுக்கினோம். அது உருகி வாசல் வரை ஓடியது. மாமியார் ஊதுபத்தியைக் கட்டுக் கட்டாகக் கொளுத்தி வைத்தார்.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ராத்திரி தாங்காது, பொழுதோடு எடுத்துவிடுவது என்று முடிவானது. என்னையும் அபிப்பிராயம் கேட்டார்கள். அப்போதும், மரியாதைக்காக.

கவிதா வந்து இறங்கியபோது மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஓடிவந்து அப்பாவின் நெற்றியில் கை வைத்தவள், கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, அப்பா மேல மீன் வாசம் அடிக்குது?"

"கரண்டு போயிருச்சு கண்ணு" என்றான் செந்தில்.

"இப்ப இருக்குதே?"

ஒருவர் கூட என் பக்கம் திரும்பவில்லை. அத்தனை பேரும் எனக்காகப் பொய் சொல்லத் தயாராக நின்றார்கள். நான்தான் சொன்னேன், மோட்டார், கண்டன்சர், பேட்டரி எல்லாவற்றையும். அவள் பாதியிலேயே தலையை ஆட்டிவிட்டு, ஈரத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு ராத்திரி கேட்டவளுக்கு, மேளக்காரர்கள் பறைத் தோலைத் தீயில் காய்ச்சி முடிக்கும் நேரம்தான் கிடைத்தது. எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் யார் இறந்தாலும், வெளியூர்ப் பிள்ளைகளுக்காக நாளை வரை வைத்திருக்கலாமா என்ற பேச்சு வரும்போது, யாராவது கேட்பார்கள்: "எடப்பாடி மாப்பள வந்துட்டாரா?" ஆமாம் என்று பதில் வந்தால், "அப்ப வெரசா எடுத்தர்லாமுங்க." பிணத்தைச் சுற்றி நிற்பவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அழுகிற மாதிரியே இருக்கும்.

இந்தக் கதையை எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சொல்பவள் கவிதாதான். அங்கே இல்லாதவள், பார்த்தவளைப் போலவே நடித்துக் காட்டுவாள். பல்பு வெடிப்பது, அத்தையின் பீடி அலறல், "நல்ல கரண்டுங்க" எல்லாம் வரும். லீவுக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். புகை கிளம்பியதோடு சட்டென்று நிறுத்திவிடுவாள்.

"அப்பறம் என்னாச்சுங்க சித்தி?" என்று போன முறை என் மகள் கேட்டாள்.

கவிதா எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"அப்பறமென்ன, கரண்டு வந்துருச்சு."