முதல் விண்மீனும் மூணு துண்டு வஞ்சிரமும்

கல்யாணமாகி பத்தொம்பது வருஷத்துல பூவராகவன் சொந்தமா ஒரு முடிவு எடுத்தாரு. வர்ற ஞாயித்துக்கெழமை பதினோரு மணிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ரிமோட்டு தன் கையிலதான்.

எல்லாம் 'முதல் விண்மீன்' பண்ண வேலை. தமிழ்ல குரல் குடுத்த வெளிநாட்டுத் தொடர். ஆகாசத்துல கப்பல் ஓட்டிக்கினு ரெண்டு கூட்டம் அடிச்சிக்கும். மனுஷக் கூட்டம் சொல்லும், பன்னெண்டு சாமிங்க ஒண்ணா நின்னு ஊதித்தான் மொத விண்மீனை ஏத்துனாங்கன்னு. இரும்பு ஆளுங்க சொல்லும், அதெல்லாம் டூப்பு, ஒரே ஜோதிதான், அதான் ஆதி, அதான் அந்தம்னு. யாரு சொல்றது நெசம்? கடைசி வாரத்துலதான் ஒடைப்பாங்க. அது வர்ற ஞாயிறு.

கும்மிடிப்பூண்டி கம்பி மில்லு கேன்டீன்ல இதே சண்டை. பூவராகவன் பன்னெண்டு சாமி கட்சி. கிரேன் ஓட்டுற தாவீது இரும்புக் கட்சி. ரெண்டு பேரும் ஆறு மாசமா சாம்பார் ஆற ஆறப் பேசுனாங்க. ஆனா அந்த ஞாயிறு தாவீதுக்கும் மத்தவங்களுக்கும் டூட்டி. பூவராகவனுக்கு மட்டும் லீவு.

"நைனா, உன்ன நம்பித்தான் இருக்கோம். திங்கக்கெழமை வந்து யாரு ஏத்துனதுன்னு சொல்லலன்னா கேன்டீன் பக்கம் வராத," ன்னான் தாவீது.

"நான் பாக்காம வேற யாரு பாப்பா?" நெஞ்சைத் தட்டிக்கினாரு பூவராகவன்.

தட்டிக்கினு ஊட்டுக்கு வந்தப்புறம்தான் ஞாபகம் வந்திச்சி. பதினோரு மணிக்கு அவரு சம்சாரம் ஜோதிலட்சுமி டிவில பழைய படம் பாப்பாங்க. பூகம்பமே வந்தாலும் வெளம்பரம் வந்தாத்தான் எழுந்திரிப்பாங்க. அந்த ஊட்டுல ரிமோட்டைப் புடுங்க ஒரே வழி, சாமி நிகழ்ச்சி.

"ஜோதி, நாளைக்கு டிவில பன்னெண்டு சாமி காட்றாங்க."

"எந்த ஊரு சாமி?"

"ஆகாசத்து சாமி. விண்மீனை ஏத்துன சாமிங்க. பாத்தா புண்ணியம்."

"அப்படியா. போட்டுடலாம்."

இவ்ளோ ஈஸியாவா? பூவராகவன் ராத்திரி தூக்கத்துலயே சிரிச்சாரு.

காலையில கெத்தா மார்க்கெட் போனாரு. வஞ்சிரம் மூணு துண்டு, கையகலம் ஒவ்வொண்ணும். பையைக் கொண்டாந்து அடுப்பு மேடையில வெச்சாரு. ஜோதிலட்சுமி தலைக்குக் குளிச்சி, டிவிக்குப் பொட்டு வெச்சி, ஊதுபத்தி ஏத்தி வெச்சிருந்தாங்க.

"இன்னாய்யா இது?"

"வஞ்சிரம்."

"சாமி பாக்கற நாள்ல கவிச்சியா? அதுவும் விண்மீன் சாமி. மேல மீனைக் கும்பிட்டுட்டு கீழ மீனை வறுக்கறதா?"

"அய்ய, அது விண்மீன். நட்சத்திரம். அதுக்கு முள்ளே கெடையாதும்மே."

"பேருல மீன் இருக்குதா இல்லியா?"

"இருக்குது."

"அப்ப இன்னிக்கு ரசம்."

மணி பத்தே முக்கால். மீனு மேடையில கெடக்குது. மனசு வறுபடுது. பூவராகவன் ஒரு நிமிஷம் யோசிச்சி, ஆறு மாசக் கொள்கையை ஒரே மூச்சுல கழட்டிப் போட்டாரு.

"ஜோதி, நான் பன்னெண்டு சாமி கட்சி இல்ல. இரும்பு ஆளுங்க கட்சி. எங்களுக்கு விண்மீன் சாமியும் கெடையாது, விரதமும் கெடையாது. மீன் துன்னலாம்."

"எப்பலேர்ந்து?"

"இப்பலேர்ந்து."

"சரி. உங்க இரும்பாளுங்க யாரைக் கும்புடுவாங்க?"

"ஒரே ஜோதியை."

"இன்னொரு தபா சொல்லு."

"ஒரே ஜோதி. அதான் ஆதி, அதான் அந்..."

ஜோதிலட்சுமி இடுப்புல கையை வெச்சிக்கினு நின்னாங்க.

"என் பேரு இன்னாய்யா?"

"ஜோதி."

"ஊட்ல எத்தினி ஜோதி?"

"ஒரே ஜோதி."

"ஜோதி சொல்றேன். நான் விரதம், தொட மாட்டேன். நீயே கழுவு. நீயே மசாலா தடவு. நீயே வறு. நான் உள்ள போயி உன் பழைய சாமியைப் பாக்குறேன்."

பதினோரு மணிக்கு உள்ள சங்கு சத்தம். பூவராகவன் கையில மஞ்சத்தூள். பதினொண்ணரைக்கு ரெண்டு கப்பல் மோதுது. இவரு தோசைக்கல்லுல எண்ணெய் ஊத்துறாரு. பதினொண்ணே முக்காலுக்கு ஒரு கெழவன் கொரல் கணீர்னு கேட்டிச்சி: "மகனே, முதல் விண்மீனை ஏற்றியது..."

அந்த நேரம் பார்த்து மூணாவது துண்டு கல்லுல விழுந்துச்சி. சொர்ர்ர்னு ஒரு சத்தம். கெழவன் இன்னா சொன்னான்னு வஞ்சிரத்துக்குத்தான் வெளிச்சம்.

பன்னெண்டு மணிக்கு ஜோதிலட்சுமி கண்ணைத் தொடச்சிக்கினே வந்தாங்க. தட்டை எடுத்தாங்க. பெரிய துண்டு ரெண்டையும் வெச்சிக்கினாங்க.

"ஏம்மே, நீ விரதம்?"

"கடைசில ரெண்டு கூட்டமும் ஒண்ணா சேர்ந்து விருந்து சாப்ட்டுட்டாங்கய்யா. விரதம் முடிஞ்சிது. நீ பாக்கலியா?"

"ஜோதி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. மொத விண்மீனை யாரு ஏத்துனது?"

ஜோதிலட்சுமி முள்ளை எடுத்து ஓரமா வெச்சாங்க. "உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனா கை நல்லா இருக்குது. வர்ற ஞாயித்துக்கெழமை பழவேற்காட்டு நண்டு வாங்கியாந்து கொழம்பு வை. சொல்றேன்."

திங்கக்கெழமை கேன்டீன்ல இருபது பேரு தட்டைக் கையில புடிச்சிக்கினு நின்னாங்க. தாவீது முன்னாடி வந்தான்.

"சொல்லு நைனா."

பூவராகவன் அவன் தோள்ல கையைப் போட்டு ஓரமா இட்டுக்கினு போயி, மெதுவா கேட்டாரு:

"தாவீது, நண்டு எப்படிப்பா கழுவணும்?"