இரவல் முதுகெலும்பு

"தம்பி, அதை உள்ள கொண்டு போகாதீங்க" என்று லெனோர் சொல்லி முடிப்பதற்குள், அலுவலக உதவியாளன் டைலர் அந்த முதுகெலும்பைக் கைக்குழந்தை போலத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பிளாஸ்டிக் முதுகெலும்புதான். ஆனால் லெனோருடையது அல்ல. அவள் வரவேற்பாளராக வேலை பார்க்கும் எலும்பு வைத்தியர் ஆஸ்ட்ராண்டருடையது. வருகிறவர்களுக்கு அதைக் காட்டிப் பயமுறுத்தித்தான் அவர் கடையே ஓடுகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் இரவல் எடுத்து வந்திருந்தாள்.

காரணம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் விட்கோம். ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டில் கைவைக்கும் மசோதா வருகிறது. எதிர்ப்பேன் என்று ஓட்டு வாங்கியவர், இப்போது 'ஆழ்ந்த கவலை' தெரிவிக்கிறார். கவலையை மட்டும் மொத்த விலைக்குப் பிடித்து வைத்திருக்கிறார் போலும். அவர் அலுவலக மேஜையில் முதுகெலும்பை வைத்து, "தொலைச்சிட்டீங்களே, இந்தாங்க" என்று சொல்ல வேண்டும். தோழி டாட் படம் எடுப்பாள். எலும்போடு திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

டைலர் வெறுங்கையோடு வந்தான். "ரொம்ப நன்றி மேடம்."

"படத்துக்குத்தான் தம்பி கொண்டுவந்தேன். திருப்பிக் குடுங்க."

"பரிசுன்னு பதிஞ்சாச்சு. இனி பரிசுகளைச் சரிபாக்குற குழு பாத்துட்டுத்தான் வெளிய விடும்."

"அது பரிசில்ல. திட்டு."

டைலர் முகம் மலர்ந்தது. "திட்டா? அப்ப மக்கள் கருத்துப் பிரிவு. பதில் போடுற வரைக்கும் அங்கயே இருக்கும்."

"எப்பப் போடுவீங்க?"

"இப்பத்தான் போன வருஷத் திட்டுக்கு வந்திருக்கோம்."

டாட் காதில் கிசுகிசுத்தாள். "உன்னுது இல்லன்னு சொல்லுடி. அடுத்தவன் பொருளைக் குடுத்துத்தானே ஆகணும்."

லெனோர் சொன்னாள். டைலர் தொலைபேசியை எடுத்தான். "திருட்டுப் பொருளா? போலீஸுக்குச் சொல்லணுமே."

"யோசனை சொன்ன வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்" என்று டாட்டை முறைத்தாள் லெனோர். "போனை வைங்க தம்பி. நான் அவர்கிட்டயே பேசிக்கிறேன்."

விட்கோம் வந்தார். இரண்டு கைகளாலும் அவள் கையைப் பற்றினார். "உங்க ஆதரவுதான் என் முதுகெலும்புன்னு சொல்லாம சொல்லிட்டீங்கம்மா."

"உங்களுக்கு அது இல்லன்னு சொல்ல வந்தேன்."

"அந்த உணர்வையும் மதிக்கிறேன்."

"மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

"ரெண்டு பக்கமும் கேட்டுட்டு, இன்னும் ஆழமா கவலைப்படுவேன்." சொன்னவர் பின்வாசல் வழியாகப் போயே போய்விட்டார்.

லெனோரின் கைபேசி அடித்தது. வைத்தியர்.

"எலும்பு எங்க? கோவால்ஸ்கி அம்மா குப்புறப் படுத்திருக்காங்க. எதைக் காட்டி நான் விளக்குறது?"

"தூசி தட்ட எடுத்தேன் டாக்டர்."

"அதோட வந்தா வா. இல்லன்னா வராத."

லெனோர் நாற்காலியில் சரிந்தாள். "அவருக்கு முதுகெலும்பு வாங்கித் தர வந்து, என் வேலையைக் குடுத்துட்டேன்டி."

அதுவரை குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த காவலாளி கர்ட்டிஸ், சாவிக்கொத்தோடு எழுந்தார். "வாங்கம்மா."

தட்டுமுட்டு அறையைத் திறந்து விளக்கைப் போட்டார். சுவர் முழுக்க முதுகெலும்புகள். பிளாஸ்டிக், மரம், அட்டை, ஹாலோவீன் பேய்த் திருவிழா எலும்புக்கூட்டுப் பொம்மையிலிருந்து பிடுங்கியது.

லெனோருக்கு மூச்சு வந்தது. புலம்பிக்கொண்டிருந்தது தான் மட்டுமல்ல, ஊரே.

"எது உங்களுதோ எடுத்துக்குங்க. பதிவு, குழுவெல்லாம் அந்தத் தம்பி விடுற கதை. எனக்கு இங்க துடைப்பம் வைக்க இடமில்ல."

எலும்புகளுக்கு இடையே வைத்தியர் சிவப்புச் சாயம் அடித்திருந்த வட்டைப் பார்த்து, தான் கொண்டுவந்ததை லெனோர் அடையாளம் கண்டு, கட்டிக்கொண்டாள். வேலை தப்பித்தது. வாசலில் நின்றபடி டாட் ஒன்றைக் காட்டினாள். நீலக் கம்பளி நூலில், கணு கணுவாகப் பின்னிய முதுகெலும்பு.

"பாவம், எவ்வளவு மெனக்கெட்டிருக்காங்க. யாரு குடுத்தது?"

கர்ட்டிஸ் விளக்கை அணைத்தார்.

"அதுவா? ஐயாவோட வீட்டம்மா. கல்யாண நாளுக்கு."