லேபிள் எழுதிய ஆங்கிலம்

விருதுநகர் மாவட்டத்தில் ஆங்கிலம் எழுதியே ஒரு வார்டனைக் கதிகலங்க வைத்தவன் எங்கள் ஹாஸ்டல் ‘லேபிள்’ ஒருவன்தான். அவன் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

சிவகாசிக்காரன். லீவு விட்டால் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் வேலை. அவன் கற்ற ஆங்கிலமெல்லாம் அந்த லேபிளில் இருந்த எச்சரிக்கைகள்தான். எதை எழுதினாலும் அவையே வந்து உட்கார்ந்துகொள்ளும். அக்கா கல்யாணத்துக்கு லீவு கேட்டபோது, பெரியவர்கள் முன்னிலையில், பருத்தி உடை அணிந்து, திறந்தவெளியில் மட்டும் கலந்துகொள்வதாக ஆங்கிலத்தில் உறுதி கொடுத்திருந்தான். வார்டன் மூன்று முறை படித்துவிட்டு, கல்யாணம் மண்டபத்திலா குவாரியிலா என்று விசாரித்தார். மெஸ்ஸில் பழைய சாம்பாரைச் சுடவைத்து ஊற்றியதற்கு அவன் எழுதிய புகார் ஒரே வரி: அணைந்துபோனதை மறுபடி பற்றவைக்காதீர்கள். மறுநாளே சாம்பார் திருந்திவிட்டது.

ஆனால் பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள் அசையவில்லை. ஆங்கிலத்தில் மூன்று தடவை அரியர். அவன் அம்மா தினமும் வேனில் ஏறி நாரணாபுரத்துப் பட்டாசு ஆலை ஒன்றுக்குப் போய் வந்தார். டிகிரி கையில் வந்தால் காலண்டர் கம்பெனியில் ஆபீஸ் வேலை தயார். அன்றோடு அம்மாவை அந்த வேனில் ஏறவிட மாட்டேன் என்பான்.

எனவே அவனைக் கரையேற்ற நான் கிளம்பினேன். எனக்கும் அதே தாளில் அரியர் என்பது வேறு விஷயம். எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, கைடை அப்படியே மனப்பாடம் செய்வது. ‘என் அம்மா’ கட்டுரையை இரண்டு வாரம் ஒப்பிக்க வைத்தேன். மூன்றாவது வரியிலேயே அம்மாவைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுவான்.

பரீட்சையில் அதே கட்டுரை வந்தது. வெளியே வந்ததும் அவனைப் பிடித்தேன்.

“கைடுல உள்ளத எழுதுனியாலே?”

“மறந்துபோச்சுலே. எனக்குத் தெரிஞ்சத எழுதிட்டேன். எங்கம்மாவ தீக்குக் கிட்ட வைக்காதீக, வெயில் படாம, நனையாம பாத்துக்கோங்க, பத்திரமா கையாளுங்கன்னு. அம்புட்டுத்தான்.”

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை.

என் கட்டுரையில் அம்மா அதிகாலையில் எழுந்து ரோஜாச் செடிகளுக்கு நீர் ஊற்றினார். எங்கள் ஊர் மல்லாங்கிணற்றில் என் அம்மாவுக்குக் குடிக்கிற தண்ணீர் பிடிக்கவே பொழுது போதாது. வெட்கமாக இருந்தது. அன்று சாயங்காலம் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். மறுபடி பெயிலா என்று பதறினார்.

இருவருமே தேறினோம். அவன் தாளைத் திருத்திய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. காலண்டர் கம்பெனியில் அவன் சேர்ந்த அன்று வேன் அவன் வீட்டு வாசலில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, அம்மா இல்லாமலே போனது.

நான் இன்று எழுதிப் பிழைக்கிறேன். அந்தத் தடிப்பயலைப்போல ஒரு வரி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.